ஜிம்மி ஸ்மித்தை எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

ஜாஸ் ஆர்கன் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படும் பெயர் ஜிம்மி ஸ்மித். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. 1956இல் ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசிக்கத் தொடங்கியவர், 2005 பிப்ரவரியில் இறக்கும்வரை வாசித்துக்கொண்டே இருந்தார். ஆல்பங்கள் குவிந்து கிடக்கின்றன. மூன்று பேர் சேர்ந்து ஒரு கிளப்பில் வாசித்தது, ட்ரம்பெட்டும் டிராம்போனும் வரிசைகட்டி நிற்கும் பெரிய பேண்டோடு வாசித்தது, 70களின் ஃபங்க், வயதான காலத்து ப்ளூஸ் என்று ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம் போல இருக்கும். பெரிய பேண்ட் ஆல்பம் ஒன்றை முதலில் கேட்டுவிட்டு, "பழைய துப்பறியும் படத்தின் டைட்டில் இசை மாதிரி இருக்கிறது" என்று ஒதுங்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்டதில் குறையில்லை. ஆனால் மனிதரில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

நான் எந்த ஆல்பத்தைப் பரிந்துரைப்பதாக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்வேன்: அதில் அவருடைய இடது கை கேட்கிறதா?

ஏன் இடது கை என்பதற்கு வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹாமண்ட் பி-3 என்ற அந்த மின்சார ஆர்கன் 50களின் நடுவில் சந்தைக்கு வந்தது. மேலும் கீழுமாக இரண்டு கட்டை வரிசைகள், ஒவ்வொன்றிலும் 61 கட்டைகள். காலடியில் 25 பெடல்கள். பெட்டிக்குள் 91 சிறு உலோகச் சக்கரங்கள் மோட்டாரால் சுழன்றுகொண்டே இருக்கும். ஒலி பிறப்பது அந்தச் சக்கரங்களிலிருந்துதான். கட்டைகளுக்கு மேலே டிராபார் எனப்படும் இழுப்புகள் இருக்கின்றன. எதை எவ்வளவு வெளியே இழுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் குரல் மாறும். வாத்தியத்தோடு பெரும்பாலும் இணைந்து வருவது லெஸ்லி என்ற ஸ்பீக்கர் பெட்டி. அதற்குள் கொம்பு சுழல்வதால்தான் அந்த நடுக்கமும் அலையும் வருகின்றன.

பியானோவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் விரலின் வேகம். பியானோவில் மெதுவாகத் தொட்டால் மெல்லிய ஒலி, ஓங்கி அடித்தால் பெரிய ஒலி. ஹாமண்டில் எப்படித் தொட்டாலும் ஒரே அளவுதான். ஒலியைக் கூட்டிக் குறைப்பது வலது பாதத்தின் வேலை; அதற்குத் தனியாக ஒரு மிதி உண்டு. இன்னொன்று, கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஸ்வரம் தேயாமல் நிற்கும். இந்த இரண்டு குணமும் சோம்பேறியான வாசிப்புக்கு இடம் கொடுக்கக் கூடியவை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும்.

ஸ்மித்துக்கு முன்பே ஜாஸில் ஆர்கன் இருந்தது. ஃபேட்ஸ் வாலர் வாசித்தார், கவுண்ட் பேஸி வாசித்தார். வைல்ட் பில் டேவிஸ் இரண்டு கைகளாலும் அடர்த்தியான கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, அடுக்கி, ஒரு முழு பேண்டின் முழக்கத்தைத் தனியாளாகக் கொண்டுவந்தார். பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில் பிறந்து, ஃபிலடெல்ஃபியாவில் இசைப் பள்ளியில் படித்து, டான் கார்ட்னரின் குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஸ்மித், டேவிஸைக் கேட்ட பிறகுதான் ஆர்கன் பக்கம் திரும்பினார். கிடங்கு ஒன்றில் ஆர்கனைப் போட்டுத் தனியாகப் பயின்றார். பெடல்களைக் குனிந்து பார்க்காமல் இருக்க, அவற்றின் படத்தை வரைந்து சுவரில் மாட்டிவைத்துப் பழகியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து வெளியே வந்தபோது அவருடைய வலது கை சார்லி பார்க்கரின் சாக்ஸஃபோனைப் போலவும் பட் பவலின் பியானோவைப் போலவும் ஓடியது. அடுக்கடுக்கான கார்டுகளுக்குப் பதிலாக ஒற்றை ஸ்வரங்களின் நீண்ட ஓட்டம். முதல் மூன்று டிராபார்களை முழுதாக இழுத்து, மற்றவற்றை உள்ளே தள்ளி, பெர்கஷன் என்ற விசையைப் போட்டுக்கொள்வார். அந்த விசை ஒவ்வொரு சொற்றொடரின் தொடக்கத்திலும் 'டிக்' என்று ஒரு முனையைக் கொடுக்கும். கூழாகிவிடும் என்று சொன்னேனே, அதற்கு அவர் கண்ட தீர்வு இது. இன்றைக்கும் ஆர்கன் வாசிப்பவர்கள் முதலில் கற்கும் அமைப்பு இதுதான்.

அப்புறம் இடது கை. பேண்டில் டபுள் பாஸ் என்ற பெரிய, கீழ் ஸ்வரக் கம்பி வாத்தியத்தை வாசிப்பவர் கிடையாது. கீழ் வரிசையில் ஸ்மித்தின் இடது கை அந்த பாஸை நடத்திக்கொண்டு போகும்; இடது பாதம் பெடலை லேசாகத் தட்டி, டபுள் பாஸின் கம்பியை விரலால் சுண்டியது போன்ற ஓர் அழுத்தத்தைச் சேர்க்கும். அதே சமயம் வலது கை எட்டுத் திசையிலும் பறக்கும். ஒரே மனிதர் தனக்கே பக்கவாத்தியமும் வாசிக்கிறார். கிளப் முதலாளிகளுக்கும் இது லாபம். மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்தால் பெரிய குழுவின் ஒலி கிடைத்தது. ஃபிலடெல்ஃபியா, நியூவார்க், ஹார்லெம், சிகாகோ என்று கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் மதுக்கூடங்களில் ஆர்கன் ட்ரியோ என்ற மூவர் குழு வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஆல்பங்களுக்கு வருகிறேன்.

யாராவது ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் என் பதில் 'பேக் அட் த சிக்கன் ஷாக்'. 1960 ஏப்ரல் 25 அன்று நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில், ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. வெளிவந்தது 1963இல். அதே நாள் பதிவில் இன்னொரு முழு ஆல்பமும் கிடைத்தது, அதன் பெயர் 'மிட்நைட் ஸ்பெஷல்'. டெனர் சாக்ஸஃபோனில் ஸ்டான்லி டரண்டைன், கிட்டாரில் கென்னி பரல், ட்ரம்ஸில் டொனால்ட் பெய்லி. அட்டையில் சிவப்புச் சட்டை போட்ட ஸ்மித் ஒரு நாயோடும் சேவலோடும் உட்கார்ந்திருப்பார்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், யாரும் அவசரப்படாததுதான். தலைப்புப் பாட்டு 12 பார் ப்ளூஸ்; அதாவது 12 தாள அளவுகள் கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும். நடை, ஆறுதலாக நடந்துபோகிறவருடைய நடை. நடை நிதானமாக இருப்பதால் இடது கையின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுவது புதிய காதுக்கும் பிடிபடும். பெய்லி ட்ரம்ஸில் தேவைக்கு மேல் ஒரு தட்டுத் தட்டமாட்டார். டரண்டைனின் சாக்ஸஃபோனில் தேவாலயத்துப் பாட்டின் கனமும் இரவு விடுதியின் சூடும் சேர்ந்திருக்கும். அவர் வாசிக்கும்போது ஸ்மித் பின்னுக்குப் போய்விடுவார். அந்த இடங்களை நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். முன்னால் நின்று ஜாலம் காட்டத் தெரிந்தவர், இன்னொருவருக்கு எப்படி விரிப்பு விரித்துக் கொடுக்கிறார் என்பது அங்கேதான் தெரியும். டரண்டைன் எழுதிய 'மைனர் சாண்ட்'டும் இதில் இருக்கிறது. ஜாஸே புதிது என்பவருக்கும் இந்த ஆல்பம் மிரட்சி தராது.

இதற்கு நேர்ப் போட்டி 'த செர்மன்!'. பல பேர் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது. தலைப்புப் பாட்டு 20 நிமிடம் ஓடும். 1958 பிப்ரவரி 25 அன்று பதிவானது. பியானோ கலைஞர் ஹோரஸ் சில்வருக்குச் சமர்ப்பணம். உடன் வாசித்தவர்களைப் பாருங்கள்: ட்ரம்பெட்டில் 19 வயது லீ மார்கன், ஆல்டோ சாக்ஸஃபோனில் லூ டொனால்ட்சன், டெனரில் டினா ப்ரூக்ஸ், கிட்டாரில் கென்னி பரல், ட்ரம்ஸில் ஆர்ட் பிளேக்கி. 20 நிமிடமும் ஒரே ப்ளூஸ் சுற்று, திரும்பத் திரும்ப. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் எழுந்து தன் கதையைச் சொல்வார்.

இடது கைக் கேள்வியை இங்கே வைத்தால் இந்த ஆல்பம் உச்சத்தில் நிற்க வேண்டும். 20 நிமிடம் அந்தக் கை ஓயவில்லை. ஐந்து பேர் தனித்தனியாக வாசித்து முடிக்கும்வரை அடித்தளம் அவருடையது. அப்படியிருந்தும் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன் என்றால், பொறுமைதான் காரணம். ப்ளூஸின் 12 பார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காதுக்குப் பிடிபடாத வரை, 20 நிமிடம் ஒரே மாதிரி நீளும். பிடிபட்டுவிட்டாலோ, ஒவ்வொரு சுற்றிலும் என்ன மாறுகிறது என்று எண்ணத் தோன்றும். கர்நாடக இசைக் கச்சேரியில் ஆவர்த்தனம் எண்ணிப் பழகியவர்களுக்கு இந்தத் தடை இருக்காது. அவர்கள் துணிந்து நேராக இதிலேயே நுழையலாம். மற்றவர்கள் சிக்கன் ஷாக்கைச் சில தடவை கேட்டுவிட்டு வருவது நல்லது.

கீபோர்ட் வாசிக்கிறவர்களுக்கு என் பரிந்துரை வேறு. 1957 நவம்பரில் ஹார்லெமில் உள்ள ஸ்மால்ஸ் பாரடைஸ் கிளப்பில் நேரடியாகப் பதிவான 'க்ரூவின் அட் ஸ்மால்ஸ் பாரடைஸ்', இரண்டு பாகம். சாக்ஸஃபோன் இல்லை, எடி மெக்ஃபேடனின் கிட்டாரும் டொனால்ட் பெய்லியின் ட்ரம்ஸும் மட்டும். ப்ளூ நோட்டின் ஃபிரான்சிஸ் வுல்ஃப் 1956 ஜனவரியில் ஸ்மித்தை முதன்முதலில் கேட்டதும் இதே கிளப்பில்தான். கேட்ட கையோடு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஒரு வருடத்தில் ஆல்பத்துக்கு மேல் ஆல்பம். ஆக, இந்தப் பதிவில் இருப்பவர் தன் கையில் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டுவிட்ட இளைஞர், கூட்டத்துக்கு முன்னால்.

வேகமான பாட்டுகளில் ஒரு தந்திரம் செய்வார், கவனியுங்கள். வலது கையின் ஒரு விரலால் மேல் ஸ்வரம் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொள்வார். ஆர்கனில் அது தேயாதல்லவா? அது கூவிக்கொண்டே இருக்க, மிச்ச விரல்கள் அதற்குக் கீழே சின்னச் சின்னச் சொற்றொடர்களை வாசித்துத் தள்ளும். கூட்டத்தின் உற்சாகம் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்திலும் இடது கை அசையாமல் தன் பாட்டுக்கு நடக்கும். இரண்டு கைகளையும் தனித்தனி மனிதர்களாக இயக்கப் பழகுகிற யாருக்கும் இது பாடம். மெதுவான பாட்டுகளில் பெடல்களின் பங்கு கூடுவதையும் கேட்கலாம். வெறுமனே ரசிக்க வருகிறவருக்கு இது கொஞ்சம் நீளமாகத் தோன்றலாம். படிக்க வருகிறவருக்கு இதைவிட நல்லது ஸ்மித்திடம் இல்லை.

1963 தொடக்கத்தில் ஸ்மித் ப்ளூ நோட்டை விட்டு வெர்வ் நிறுவனத்துக்குப் போனார். போகும் முன் ஜனவரி 31க்கும் பிப்ரவரி 8க்கும் இடையில் நான்கு ஆல்பங்களைப் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போனார். வெர்வில் அதற்கு முன்பே கால் வைத்திருந்தார். 1962இல் வந்த 'பாஷின்' ஆல்பத்தில் ஆலிவர் நெல்சன் அவரைச் சுற்றி ஒரு பெரிய பேண்டை அமைத்தார். 'வாக் ஆன் த வைல்ட் சைட்' என்ற படத்துக்காக எல்மர் பெர்ன்ஸ்டீன் அமைத்த அதே பெயருள்ள இசையை இதில் வாசித்தார்கள். அது பில்போர்டின் பாப் பட்டியலில் 21ஆம் இடம் வரை ஏறியது. ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஒருவருக்கு அது மிகப் பெரிய வெற்றி. 1964இல் லாலோ ஷிஃப்ரின் அமைத்த 'த கேட்' வந்தது. அதன் தலைப்புப் பாட்டுக்காக ஷிஃப்ரினுக்கு கிராமி கிடைத்தது.

இந்த வெர்வ் ஆல்பங்கள் கேட்க அற்புதமானவை. சினிமா இசையில் ஊறிய காதுக்கு 'த கேட்' உடனே பிடிக்கும். ட்ரம்பெட்டுகள் வெட்டி வெட்டி விழ, நடுவே ஆர்கன் பாய்ந்து வரும். ஆனால் என் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். பேண்டில் ஜார்ஜ் டுவிவியர் என்ற அருமையான டபுள் பாஸ் கலைஞர் உட்கார்ந்திருக்கிறார். ஸ்மித்தின் இடது கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்த இசையில் ஸ்மித் ஒரு நட்சத்திரம். குழுவைத் தாங்கும் தூண் அல்ல. அதனால்தான் தொடக்கமாக இவற்றைச் சொல்லத் தயங்குகிறேன்.

ஒன்று செய்யலாம். 'பாஷின்' ஆல்பத்தின் அமைப்பே நமக்கு வசதி. எல்பியின் முதல் பக்கத்தில் பெரிய பேண்ட். இரண்டாம் பக்கத்தில் கிட்டாரும் ட்ரம்ஸும் மட்டும் கொண்ட ட்ரியோ. அதே மனிதர், அதே மாதம், பாஸ் கலைஞர் இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று பக்கத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். நான் இவ்வளவு நேரம் சொல்வதைச் சோதித்துப் பார்க்க இதைவிட நேரான வழி கிடையாது.

கிட்டார் பிரியர்கள் வெஸ் மான்ட்கோமரியோடு 1966இல் பதிவான 'டைனமிக் டுவோ'வைக் கேட்பார்கள், கேட்கட்டும். அதில் பெரிய பேண்டும் உண்டு, பேண்ட் இல்லாத பாட்டுகளும் உண்டு. பேண்ட் இல்லாதவை எனக்கு அதிகம் பிடிக்கும். ஸ்மித் பாடவும் செய்த 60களின் நடுப்பகுதி ஆல்பங்களைத் தொடக்கத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹிப்-ஹாப் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. 1972 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் பாம்பே பைசிக்கிள் கிளப்பில் பதிவான 'ரூட் டவுன்'. பீஸ்டி பாய்ஸ் 1994இல் இதன் தலைப்புப் பாட்டை எடுத்து அதே பெயரில் தங்கள் பாட்டைக் கட்டினார்கள். இங்கேயும் பாஸ் ஸ்மித்திடம் இல்லை. வில்டன் ஃபெல்டர் மின்சார பாஸ் கிட்டார் வாசிக்கிறார். ஆனால் இதில் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. ஃபங்க் இசைக்கு அந்த பாஸின் கனம் வேண்டும். ஆர்கனின் இடது கை அதைத் தராது. ஸ்மித்துக்கு இரண்டு கையும் காலியாகக் கிடைத்ததில் வாத்தியத்தையே உலுக்குகிறார். 40 வயதைத் தாண்டியவரின் வாசிப்பு என்று சொன்னால் நம்புவது கஷ்டம். இதில் தொடங்கினால் ஸ்மித்தைப் பிடித்துப்போகும் என்பது உறுதி. ஆனால் இங்கிருந்து 'செர்மன்' வரை பின்னோக்கிப் போகக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும்.

பிற்காலத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1990இல் நியூயார்க்கில் நேரடியாகப் பதிவான 'ஃபோர்மோஸ்ட்'. டரண்டைன், பரல் இருவரும் திரும்ப வந்திருக்கிறார்கள். ட்ரம்ஸில் கிரேடி டேட். சிக்கன் ஷாக் கேட்டு 30 வருட இடைவெளியில் அந்தக் கைகள் என்ன கற்றன என்று பார்க்க விரும்பினால் இது. முதலிலேயே இதைக் கேட்டால் அந்தச் சந்திப்பின் அருமை தெரியாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கர் கீழ் ஸ்வரங்களைச் சரியாகத் தராது; ஸ்மித்தின் இடது கையை அப்படியே விழுங்கிவிடும். சாதாரண இயர்போன் போதும். முதல் தடவை பாட்டை முழுதாகக் கேளுங்கள். இரண்டாம் தடவை வலது கையை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அடியில் நடக்கும் பாஸை மட்டும் பின்தொடருங்கள். நடுவில் தொலைந்துபோகும், பரவாயில்லை, பெய்லியின் சிம்பலைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஏறிக்கொள்ளலாம்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஸ்மித்தை விட்டுவிட்டு நேராக இன்னொரு ஆர்கன் கலைஞரான லாரி யங்கில் தொடங்கினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நவீன ஜாஸ் பிடித்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்பார்கள். 1940இல் நியூவார்க்கில் பிறந்த யங், ஆரம்பத்தில் ஸ்மித்தின் வழியில்தான் வாசித்தார். 1965 நவம்பர் 10 அன்று பதிவான 'யூனிட்டி'யில் அந்த வழியை விட்டு வெகுதூரம் போய்விட்டார். சாக்ஸஃபோனில் ஜோ ஹெண்டர்சன், ட்ரம்பெட்டில் 20 வயது உடி ஷா, ட்ரம்ஸில் எல்வின் ஜோன்ஸ் ஆகியோரோடு, சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் திறந்துவிட்ட ஸ்வர உலகத்தை ஆர்கனுக்குக் கொண்டுவந்தார். ப்ளூஸின் பழகிய வாக்கியங்கள் குறைவு. ஒலியும் ஸ்மித்தினுடையதைவிட மெலிந்தது, குளிர்ந்தது. 1978இல் 37 வயதில் இறந்துபோனார்.

'யூனிட்டி' எனக்கு உயிரான ஆல்பம். ஆனாலும் தொடக்கமாகச் சொல்லமாட்டேன். யங் எதை விட்டு விலகுகிறார் என்று தெரிந்திருந்தால்தான் அந்தத் துணிச்சல் கேட்கும். ஸ்மித்தை ஓரளவு கேட்ட பிறகு எடுங்கள். எடுக்கும்போது முதல் பாட்டிலிருந்து போகாமல் 'மங்க்ஸ் ட்ரீம்' போடுங்கள். அதில் ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஒதுங்கிக்கொள்கின்றன. யங்கும் எல்வின் ஜோன்ஸும் மட்டும்தான். பாஸை மறைக்க அங்கே வேறு யாரும் கிடையாது.